பொரிக்கு இன்று முடியவில்லை

"இந்த வாரத்தோட நிறுத்திக்கிறேன் டாக்டர்," என்றார் செல்வநாயகம்.

நிலோபர் கால்நடை மருத்துவர். சாதுவான நாய்களைப் பழக்கி, நோயாளிகளுக்குத் துணையாக அழைத்துப்போகச் சிலருக்குச் சொல்லிக்கொடுத்து வந்தாள். அவளிடம் கற்றவர்களில் செல்வநாயகம்தான் மூத்தவர். அவளைவிட இருபத்தைந்து வயது பெரியவர். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பொரி என்ற வெள்ளை நாட்டு நாயோடு, தீராத நோய்க்காரர்கள் இருக்கும் இல்லத்துக்கு வாராவாரம் போய்வந்தார்.

"ஏன் சார்?"

"போன வாரம் பொரியைத் தடவிக்கொடுத்தவங்க கட்டில்ல இந்த வாரம் வேற ஆள். வீட்டுக்குப் போனா சட்டையைக் கழற்றக்கூடத் தெம்பில்ல. கதிரேசன்னு ஒருத்தர், லாரி ஓட்டினவர். மாசக்கணக்கா போறேன். சிரிச்சுப் பேசுறேன், பொரியைக் கைகொடுக்கச் சொல்றேன். மனுஷன் சுவத்தைப் பார்த்தே படுத்திருக்கார். இந்தக் களைப்புக்கு என்னதான் மருந்து டாக்டர்?"



"இன்னைக்கு நானும் வர்றேன்," என்றாள்.

வெயில் கடுமையாக இருந்தது. பெண்கள் பகுதியைச் சுற்றிவிட்டு வருவதற்குள் பொரி சோர்ந்துவிட்டது. கதிரேசனின் கட்டில் அருகே வந்ததும் நாக்கைத் தொங்கவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டது.

செல்வநாயகத்துக்குக் கூச்சமாகிவிட்டது. "பொரி, எழுந்திரு. ஐயாவுக்குக் கைகொடு."

"விடுங்க சார்," என்றாள் நிலோபர். அவளும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். செல்வநாயகமும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மூச்சிரைப்புச் சத்தம் கேட்டுக் கதிரேசன் மெல்லத் திரும்பினார்.

"இதுக்கு என்ன?"

"முடியல அதுக்கு," என்றாள் நிலோபர்.

"தண்ணி வச்சீங்களா?"

செல்வநாயகம் பையில் இருந்த பாட்டிலை எடுக்கப்போனார். நிலோபர் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"இன்னும் இல்லைங்க."

"வாயில்லா ஜீவனை இந்த வெயில்ல இழுத்துக்கிட்டு அலையுறீங்களே, கொஞ்சமாவது மனசாட்சி வேணாமா?"

கதிரேசன் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். தன் கஞ்சிக் கிண்ணத்தைச் செம்புத் தண்ணீரில் அலசி, மீதித் தண்ணீரை அதில் ஊற்றினார். பாதி வேட்டியில் கொட்டியது. தாங்கிப்பிடிக்க எழுந்த செல்வநாயகத்தின் முழங்கையை நிலோபர் பிடித்து நிறுத்தினாள்.

கிண்ணத்தைத் தரையில் வைத்ததும் பொரி சத்தம் எழக் குடித்தது. பிறகு கதிரேசனின் பாதத்தில் தாடையை வைத்துத் தூங்கிப்போனது.

அவர் காலை அசைக்கவில்லை. மருந்து வண்டியைத் தள்ளிவந்த நர்ஸிடம் கையைக் காட்டினார். "மெதுவாம்மா. அசந்து தூங்குது."

கிளம்பும் நேரம் வந்தபோதும் எழுப்ப விடவில்லை. "வேலை இருந்தா நீங்க போயிட்டு வாங்க. நான் பார்த்துக்கிறேன்." பொரி தானாக எழுந்த பிறகுதான் அனுப்பினார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது செல்வநாயகம் கேட்டார். "நான் என்னென்னமோ பண்ணிப் பார்த்தேன் டாக்டர். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பலையே?"

"பொரிக்கு முடியலைன்னு அவருக்குத் தெரிஞ்சுது. உங்களுக்கு முடியலைன்னு என்னைக்காவது அவர்கிட்ட சொல்லியிருக்கீங்களா சார்?"

செல்வநாயகம் மாட்டிய ஒற்றைச் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போனார்.