ஒச்சப்பன் மாடும் அஞ்சு லிட்டர் பாலும்

ஒச்சப்பனுக்கு இருப்பது ஒரே ஒரு பசு. வாய் மட்டும் ஒரு தொழுவம் நிறைய.

மேல்மலையில் அந்த வருஷம் மார்கழி பிறக்கும் முன்பே உறைபனி கொட்டிவிட்டது. உருளைக்கிழங்குச் செடியெல்லாம் கருகிப்போனது. மாடுகளுக்குப் பால் வற்றி, ஒரு மாடு ஒரு லிட்டர் கறந்தாலே ஊரில் பெரிய பேச்சாக இருந்தது. டீக்கடையில் எல்லாரும் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தபோது, ஒச்சப்பன் சும்மா இருந்திருக்கலாம். "மாடு வளக்கத் தெரியணும்ப்பா. என் செவலை இந்தப் பனியிலயும் அஞ்சு லிட்டருக்குக் குறையல" என்று சொல்லித் தொலைத்தார்.

சொன்ன பிறகு காட்ட வேண்டாமா? மறுநாளிலிருந்து பால் சொசைட்டிக்கு அவர் கேனில் அஞ்சு லிட்டர் தவறாமல் வந்தது. எப்படி வந்தது என்பது அவருக்கும் கேனுக்கும் மட்டும் தெரியும்.

கொஞ்ச நாளில் லாக்டோமீட்டருக்கும் தெரிந்துவிட்டது. பால் சோதிக்கும் பரிமளா அதை உள்ளே விட்டாள். நல்ல பாலில் மிதக்க வேண்டியது, கழுத்து வரைக்கும் முங்கிக் குளித்தது.

"மாமா, இது மூணாவது தடவை. இன்னைக்கு உங்க பேரை அடிச்சுட்டா இனிமே இங்க பால் ஊத்த முடியாது" என்றாள்.

அடுத்த சொசைட்டி மலைக்குக் கீழே இருபது மைல். அதைவிட, பின்னால் கேனோடு நின்ற பத்துப் பேர் காதில் இது விழுந்ததுதான் ஒச்சப்பனுக்குத் தாங்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தண்ணி இருக்கு தாயி. இல்லைங்கல. ஆனா அது எப்படி வந்துச்சுன்னு கேக்கணும்ல? மொதநாப் பனியில செவலைக்கு எடுத்த நடுக்கம் இருக்கே, நடுங்குன நடுக்கத்துல மடியிலயே பால் கடைஞ்சு போச்சு. காலையில கறக்கிறேன், மோர் வருது. காம்புல வெண்ணெய் அடைச்சிருக்கு."

"வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி ஒடையாம இருந்துச்சே, அதைச் சொல்லு" என்றார் வரிசையில் அடுத்து நின்ற தவசி. ஒச்சப்பனுக்கு மச்சான் முறை.

"ஒடைஞ்சிருக்கும் மச்சான். நான்தான் விடல. ஊர்ல இருந்த கம்பளியெல்லாம் வாங்கிப் போத்துனேன். பதினேழு கம்பளி. மாடு எது, வைக்கப்போர் எதுன்னு தெரியல. ரெண்டு நாளு வைக்கப்போரைக் கறந்துக்கிட்டு இருந்திருக்கேன்."

"எத்தனை லிட்டர்?"

"ஒரு லிட்டருக்கு மேல தேறல. உன் மாட்டு அளவுதான்" என்றார் ஒச்சப்பன். வரிசை சிரித்தது. தவசி சிரிக்கவில்லை. பரிமளா பேனாவின் மூடியைக் கழற்றினாள். அதைப் பார்த்ததும் ஒச்சப்பன் வேகத்தைக் கூட்டினார்.

"கம்பளி பத்தலைன்னு கொம்புக்கு ஒண்ணா ரெண்டு லாந்தரைக் கட்டிவிட்டேன். சூடு வேணும்ல? அது மேஞ்சுக்கிட்டே ரோட்டுக்குப் போயிருச்சு. மூடுபனி. சாயங்கால பஸ் வருது. டிரைவர் ரெண்டு வெளக்கைப் பாத்து, முன்னால லாரி போகுதுன்னு நெனச்சு அது பின்னாலயே வந்துட்டாரு. செவலை நேரா தொழுவத்துக்குள்ள போச்சு. பஸ்ஸும் போச்சு. நாப்பது பேரும் பஸ் ஸ்டாண்டு வந்துருச்சுன்னு எறங்கிட்டாங்க. நாலு நாளு இஞ்சினை நான் அணைக்கவே விடல. அந்தச் சூட்டுலதான் மாடு பொழச்சுச்சு."

"அந்த நாலு நாளும் நான் அதே பஸ்ஸுலதான்யா போயிட்டு வந்தேன்!" என்றார் தவசி.

"அப்ப நீயும் என் தொழுவத்துலதான் எறங்கியிருப்ப. பனியில தெரிஞ்சிருக்காது."

பரிமளா பேனாவால் இன்னும் எதுவும் எழுதவில்லை, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. ஒச்சப்பனுக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

"இப்ப தண்ணிக்கு வர்றேன். பொழச்ச மாட்டுக்குப் பசி. புல்லுமேல பனி கட்டியா நிக்குது. புல்லோட சேத்து அதையும் மேஞ்சுருச்சு. ஒரு மேட்டுப் பனி பூராவும் அது வயித்துலதான். தட்டிப் பாத்தா கல்லுச் சத்தம். வயித்துல பனியோட மாடு நிக்கிறதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? ஒரு அண்டா சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன். உள்ள இருந்த பனியெல்லாம் உருகிருச்சு. உருகுன தண்ணி எங்க போகும் தாயி? மடிக்குத்தான் வரும். இதுல என் தப்பு என்ன இருக்கு?"

பரிமளா பாலில் ஒரு விரலைத் தோய்த்து மோந்து பார்த்தாள்.

"எல்லாம் சரிதான் மாமா. மாடு பனியைத் தின்னுச்சு. அது உருகி மடிக்கு வந்துச்சு. நம்புறேன். ஆனா அந்தப் பனிக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டது யாரு?"

ஒச்சப்பன் வாயைத் திறந்தார். வழக்கமாகத் திறந்தால் போதும், மீதி தானாக வரும். இன்று வரவில்லை. பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது மோந்து பார்க்காமல் போனோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

உண்மையில் பதினேழு கம்பளி எல்லாம் கிடையாது. இருந்த ஒரே கம்பளியைச் செவலைக்குப் போத்திவிட்டு, மூணு வாரமாகச் சாக்கைப் போத்திக்கொண்டு அது பக்கத்திலேயே படுத்துக் கிடந்தார். ஒரு பொழுதுகூட வெந்நீர் இல்லாமல் தவிடு வைத்ததில்லை. அதையெல்லாம் வெளியே சொன்னால் யார் மதிப்பார்கள் என்று சொல்லவில்லை.

"ரெண்டு லிட்டர்தான் தாயி கறக்குது" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "மீதி குழாய்த் தண்ணி."

அவருக்கு அவமானமாக இருந்தது. காது சிவந்துவிட்டது. பரிமளா அந்தப் பாலை வாசலில் கொட்டிவிட்டு, பேனாவை மூடி வைத்தாள்.

"பேரை அடிக்கல. நாளைக்கு அந்த ரெண்டு லிட்டரை மட்டும் கொண்டாங்க."

ஒச்சப்பன் காலிக் கேனை எடுத்துக்கொண்டு திரும்பினார். தவசி வழிவிடாமல் நின்றுகொண்டிருந்தார்.

"இந்தப் பனியில ரெண்டு லிட்டரா? பஸ்ஸைக்கூட நம்பிட்டேன் மச்சான். இப்படியெல்லாம் புளுகாத."