குரங்கு கட்டிய நாரை வேஷம்

மலைக்கு இந்தப் பக்கம் ஒரு காடு, பிள்ளைகளே. அந்தக் காட்டுக் குளத்தின் கரையில் ஒரு நாரை தனியாக நின்றது.

புயலில் அதன் சிறகு ஒடிந்துவிட்டது. கூட்டம் வடக்கே போய்விட்டது. வைத்தியம் தெரிந்த கரடி பச்சிலை வைத்துக் கட்டியது. எலும்பும் கூடியது. ஆனால் நாரை சிறகை விரிக்கவே இல்லை. பிடித்த மீனைப் பாதியில் விட்டுவிட்டு வடக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இந்த மாதத்துக்குள் விரிக்காவிட்டால் சிறகு விறைத்துப்போகும். அப்புறம் பறக்கவே முடியாது” என்றது கரடி. “என்னிடம் இதற்கு மருந்து இல்லை.”

பாவம், நாரையின் மனம் நோகக் கூடாது என்று காடே ஒரு கட்டுப்பாடு வைத்தது. அதன் காதில் வானம், வடக்கு என்ற பேச்சே விழக் கூடாது. கிளிகள்கூட அந்தக் கரையில் நடந்துதான் போயின.

ஒரு மாலை, இரண்டு வாழை இலைகளைக் கைகளில் கட்டிக்கொண்டு குரங்கு வந்தது.

“நான்தான் நாரை! வடக்கே போகிறேன்!” என்று கத்தியபடி பாறையிலிருந்து குதித்தது. சேற்றில் விழுந்தது.

“அடேய், புத்தி இருக்கிறதா உனக்கு?” என்று கரடி சீறியது. “நோயாளி முன்னால் போடுகிற கூத்தா இது?”

குரங்கு காதில் வாங்கவில்லை. மறுபடி ஏறியது. கழுத்தைச் சுருக்கிக்கொண்டு கைகளைப் படபடவென்று அடித்தது. மறுபடி சேறு.

நாரைக்குப் பொறுக்கவில்லை. “கழுத்தைச் சுருக்கினால் அது கொக்கு! நாங்கள் நீட்டிக்கொண்டு பறப்போம்.”

“இப்படியா அக்கா?”

“ஐயோ, இப்படி அடித்தால் குளத்தைத் தாண்டுவதற்குள் களைத்துப்போவாய். காற்று வரும்வரை காத்திரு. வந்ததும் சிறகை விரித்துக் கொடு.”

“வாயால் சொன்னால் எனக்கு ஏறுமா? ஆடிக் காட்டு அக்கா.”

“நான் பறக்க மாட்டேன்.”

“யார் பறக்கச் சொன்னது? கூத்துதானே!”

கூத்துதானே. நாரை சிறகை மெல்ல விரித்தது. வலித்தது. அன்று கொஞ்சம், மறுநாள் இன்னும் கொஞ்சம்.

தினமும் ஆட்டம் வளர்ந்தது. கிளிகள் மேகமாயின. “அசையாதீர்கள் வைத்தியரே, நீங்கள்தான் மலை” என்று கரடியை உட்காரவைத்தது குரங்கு. நாரை வடக்கே இருக்கும் தன் ஏரியைச் சொல்லிச் சொல்லி ஆடியது: நாணல் புதர், பனி விலகும் காலை, தன் துணை ஒற்றைக் காலில் நிற்கும் திட்டு. அங்கே வந்ததும் அதன் குரல் உடைந்தது. யாரும் பேச்சை மாற்றவில்லை.

மாதத்தின் கடைசி மாலை. மலையைத் தாண்டும் கட்டம். தெற்கிலிருந்து காற்று எழுந்தது. நாரை கழுத்தை நீட்டியது, விரித்தது, கரடியின் தலைக்கு மேலே போனது.

இறங்கவில்லை.

“கூத்து முடிந்துவிட்டதா?” என்று அசையாமலே முணுமுணுத்தது கரடி.

குரங்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தது. வடக்கே ஒரு புள்ளி சிறுத்துக்கொண்டே போனது.

“இல்லை வைத்தியரே. அக்கா இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறாள்.”

நீதி: ஏக்கத்தை மூடிவைத்தால் ஆறாது, ஆடிக் காட்ட இடம் கொடுத்தால் அதுவே வழி கண்டுபிடிக்கும்.