குரு வீட்டுக் கிரகணம்

காலை உள்ள இழுத்துக்கோ கண்ணு, கொசு இருக்கு. பால் டம்ளரை எங்க வெச்ச? தட்டி விட்டுராத. சரி, கேளு. நடுவுல ‘ம்’ சொல்லணும். சொல்லலைன்னா நீ தூங்கிட்டேன்னு நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. பேரு பூங்கொடி. ஊரு காங்கேயத்துக்குப் பக்கம். காலேஜ் லேப்ல வேலை. வேலை விட்டு வந்தா நேரா மொட்டை மாடிக்குத்தான் போவா. அங்க ஒரு தொலைநோக்கி வெச்சிருந்தா. அதுல வியாழனைப் பாப்பா.

“ம்.”

நமக்கு ஒரே ஒரு நிலா. வியாழனுக்கு நிறைய. அதுல நாலு பெருசு. தொலைநோக்கியில பாத்தா வியாழன் ஒரு உருண்டை, பக்கத்துல நாலு புள்ளி, கொடியில துணி போட்ட மாதிரி ஒரே வரிசையில. நாலும் சுத்திக்கிட்டே இருக்கும். ஆறு வருஷத்துக்கு ஒருக்கா அதுங்க சுத்தற வட்டம் நம்ம கண்ணுக்கு நேரா வந்துரும். அப்போ ஒரு நிலா இன்னொரு நிலாவை மறைக்கும். இல்லைன்னா ஒண்ணோட நிழல் இன்னொண்ணு மேல விழும். புள்ளி மங்கும், அப்புறம் பளிச்சுனு ஆயிரும். கொஞ்ச நிமிஷந்தான். கொஞ்ச மாசம் இப்படி நடந்துட்டு நின்னு போயிரும்.

“அதை எதுக்குப் பாக்கணும்?”

எப்ப மங்குச்சு, எவ்வளவு மங்குச்சுன்னு தெரிஞ்சா அந்த நிலா எங்க இருக்குன்னு கணக்குப் போட்டுரலாமாம். பல நாட்டுல ஆளுங்க பாத்து, வெளிநாட்டுல அந்தக் கணக்குப் போடறவங்களுக்கு அனுப்புவாங்க. ஒரு ஊர்ல பகலா இருக்கும், ஒரு ஊர்ல மழையா இருக்கும், அதனால எல்லா ஊர்லயும் ஆள் வேணும். பூங்கொடிக்கு ஒண்ணே ஒண்ணாவது நம்ம மாடியில இருந்து பிடிச்சு அனுப்பிரணும்னு ஆசை. போன தடவை அவகிட்ட தொலைநோக்கி இல்ல. இந்தத் தடவையும் விட்டா இன்னும் ஆறு வருஷம் உக்காந்திருக்கணும்.

“ம்.”

முதல் தடவை மாடிக்குப் போனா. ரெண்டு புள்ளியும் நெருங்குது, நெருங்குது, ஒட்டப் போகுது. அப்போ மேக்கால இருந்து மேகம் குபுகுபுன்னு வந்துச்சு. கடகடன்னு இடி. சோன்னு மழை. தார்ப்பாயைப் போடறதுக்குள்ள தொப்பலா நனைஞ்சுட்டா. கீழ இருந்து அவ அம்மா ருக்குமணி, “சளி பிடிச்சா நான் கசாயம் வெச்சுத் தர மாட்டேன்”னு கத்துனாங்க. அப்புறம் வெச்சுத்தான் குடுத்தாங்க.

ரெண்டாம் தடவை வானம் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. தொலைநோக்கியில கேமராவை மாட்டி வீடியோ எடுத்தா. அப்புறம் போட்டுப் பாத்தா, புள்ளி மங்கவே இல்ல! ஏன் சொல்லு? கேமராவை ஆட்டோ மோடுல விட்டுட்டா. வெளிச்சம் குறைஞ்சா அதுவே கூட்டிக்கும். கல்யாண வீட்டுல போட்டோ எடுக்க அது நல்லது. இங்க, மங்குன மங்கலைப் பூரா அதுவே சரிக்கட்டி, ஒண்ணுமே நடக்காத மாதிரி காட்டிருச்சு. ஒப்பிட்டுப் பாக்க வேற புள்ளியும் படத்துல இல்ல. பூங்கொடி தேம்பித் தேம்பி அழுதா.

“ஐயோ.”

ஆமா. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. இருட்டுன உடனே நடக்கற கிரகணம். அதுதான் கடைசி. அப்போ பாத்து ருக்குமணி வந்து சொல்றாங்க, “அன்னிக்குத்தான் உன்னைப் பொண்ணு பாக்க வராங்க. உனக்குக் குரு பலன் வந்துருச்சு. நல்ல நேரம் பாத்துச் சொல்லியாச்சு.”

“அம்மா, அந்த நேரம் எனக்கு மாடியில வேலை.”

“என்னடி பெரிய வேலை? துணி எடுக்கறயா?”

“கிரகணம்மா. முடிச்ச உடனே இறங்கிருவேன். பட்டுப்புடவை கட்டிக்கிட்டே மேல போறேன், போதுமா?”

அந்த நாள் வந்துச்சு. பூங்கொடி பட்டுப்புடவையோட மாடியில நிக்கறா. கேமராவை லேப்டாப்போட இணைச்சு, ஆட்டோ மோடை அணைச்சாச்சு, தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டா. பூமி சுத்துதில்ல, அதனால தொலைநோக்கியைக் கையால மெதுவா நகத்திக்கிட்டே இருக்கணும். விட்டா வியாழன் படத்தை விட்டு நழுவிரும்.

கீழ டர்ருனு கார் வந்து நின்னுச்சு. மாப்பிள்ளை நவநீதன் இறங்குனான். அவனோட அம்மா நாச்சம்மா இறங்குனாங்க. நல்ல ஆகிருதி. கேசரி வந்துச்சு, பஜ்ஜி வந்துச்சு.

நாச்சம்மா பஜ்ஜியைக் கையில எடுத்து, “பொண்ணு எங்கீங்க?”ன்னாங்க.

ருக்குமணி மேல கையைக் காட்டுனாங்க. “மாடியில இருக்காளுங்க. கிரகணம்.”

டக்குனு பஜ்ஜி தட்டுக்குத் திரும்பிப் போச்சு.

“கிரகணமா? பஞ்சாங்கத்துல போடலீங்களே! எதுல கிரகணம்?”

“வியாழன்லீங்க.”

“குருவுக்கேவா! குரு பலன் வந்துருச்சுன்னு நீங்க சொல்லித்தானே வந்தோம்? டேய் நவநீதா, கேசரியைக் கீழ வை. கிரகணத்துல சாப்பிடக் கூடாது. எந்திரி, கிளம்பு.”

“அம்மா, ஒரு வாய்தான் சாப்பிட்டேன்.”

“துப்பு!”

என்ன சிரிக்கற? ருக்குமணி பாவம், அழுகற மாதிரி ஆயிட்டாங்க. மாடிப்படிகிட்ட ஓடி, “பூங்கொடீ, இப்ப இறங்கி வரலைன்னா இவங்க போயிருவாங்க!”ன்னாங்க.

பூங்கொடி தொலைநோக்கியை விட்டு நகரலை. புள்ளி மங்க ஆரம்பிக்கப் போற நேரம். “போறதுன்னா போகட்டும்மா! நான் கையை எடுத்தா இது போயிரும்!”னு கத்துனா.

அது நாச்சம்மா காதுல விழுந்துச்சு. போகட்டுமா! அப்படிச் சொன்னவ யாருன்னு பாத்துட்டுத்தான் போவேன்னு படி ஏறுனாங்க. தொம். தொம். தொம். பழைய வீடு, மாடியே அதிருது. லேப்டாப்புல நாலு புள்ளியும் கிடுகிடுன்னு ஆடுது.

“அசையாதீங்க!”ன்னா பூங்கொடி. “உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், எல்லாரும் நின்ன இடத்துலயே நில்லுங்க!”

அந்தக் குரல்ல என்ன இருந்துச்சோ, நாச்சம்மா கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டாங்க. பின்னாடி நவநீதன் ஒரு கால் மேல் படி, ஒரு கால் கீழ் படி. அதுக்குப் பின்னாடி ருக்குமணி. லேப்டாப்புல ஒரு புள்ளி மங்குது. மங்குது. இருக்கா இல்லையான்னு ஆயிருச்சு. அப்புறம் மெல்ல மெல்ல, பளிச்!

கொஞ்சம் பொறுத்து நாச்சம்மா கிசுகிசுன்னு கேட்டாங்க, “அம்மிணி, குருவுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“அவருக்கு ஒண்ணுமில்லீங்க. இந்த உருண்டைதான் அவரு. இதுங்க நாலும் அவர் பிள்ளைங்க மாதிரி. ஒருத்தனோட நிழல் இன்னொருத்தன் மேல விழுந்துச்சு. இப்ப விலகிருச்சு.”

நாச்சம்மா லேப்டாப்பை உத்துப் பாத்தாங்க. “அட, அண்ணன் தம்பிக்குள்ள நடக்கறதா? அது எந்த வீட்டுலதான் இல்ல? இதுக்குப் போயி பஜ்ஜியைக் கீழ வெச்சுட்டேனே! இருக்கா, ஆறிப் போச்சா?”

“சூடா போடறேனுங்க”ன்னு ருக்குமணி ஓடுனாங்க.

நவநீதன் படியில நின்னபடியே, “நான் காலை எடுக்கலாமுங்களா?”ன்னு கேட்டான். பூங்கொடி கண்ணுல அப்பத்தான் அவன் பட்டான். சிரிச்சுட்டா.

“ம்... அப்புறம்?”

அப்புறம் வீடியோவுல வெளிச்சத்தை அளந்து கோடு போட்டா. கோடு நேரா போயி, அழகா ஒரு குழி விழுந்து, மறுபடி மேல ஏறுச்சு. கிடைச்சுருச்சு! ஆனா அவளுக்கு வேலை, அது இதுன்னு தள்ளிப் போயி, ஆவணி கழிஞ்சுதான் அனுப்பி வெச்சா. அந்தக் கணக்குப் போடறவங்க பதில் போட்டாங்க. ரொம்ப நல்லா இருக்கு, எடுத்துக்கறோம். ஆனா குழிக்கு முன்னாடி கோடு தடதடன்னு ஆடுதே, காத்தான்னு கேட்டாங்க.

பூங்கொடி எழுதுனா: “காத்து இல்லீங்க. எங்க மாமியா படி ஏறி வந்தாங்க.”

அவ்வளவுதான் கண்ணு. கதை போயிப் படுத்தாச்சு, நீயும் கண்ணை மூடு.