வீட்டுப்பெயர் சொல்லாத ‘திற’

அந்தக் காலத்தில் பறப்பதும் ஊர்வதும் பேசியது மட்டுமல்ல, கணினி நிரலும் எழுதின. ஏரிக்கரை மோட்டார் அறையில் அவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரே ஓர் இயந்திரம். மெய்நிகர் இயந்திரம் என்பார்கள். காகம் காக்கை மொழியில் எழுதும், கட்டெறும்பு எறும்பு மொழியில் எழுதும், நாரைக்கு அதன் மொழி. இயந்திரம் எல்லாவற்றையும் தன் மொழிக்கு மாற்றி ஓட்டிவிடும். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் கூப்பிட்டு வேலை வாங்கலாம் என்பதுதான் அதன் பெருமை. மழை வருமா என்று சொல்லும் நிரலை எறும்பு எழுதியிருந்தது. அதைக் கேட்டுவிட்டுத்தான் நாரை ஏரி மதகைத் தொடும்.

யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் அதற்குரிய நிரலைத் தேடி எடுத்து ஓடவிடுவது பல்லியின் வேலை. நன்றி கெட்ட வேலை. ஆனால் இயந்திரத்தின் பின்பக்கச் சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும். அங்கே ஒரு பிளவில் பல்லியின் இரண்டு முட்டைகள் ஒட்டியிருந்தன. இயந்திரம் நின்றால் சுவர் குளிரும். சுவர் குளிர்ந்தால் முட்டை பொரியாது. அதனால் பல்லி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது.

தொல்லை பெயரில் இருந்தது. மூவருமே ‘திற’ என்று ஒரு நிரல் வைத்திருந்தார்கள். எறும்பினுடையது புற்றின் மூடியைத் திறக்கும். நாரையுடையது மதகை. காகத்தினுடையது மோட்டார் அறை ஜன்னலை. எல்லாம் ஒரே பட்டியலில் கிடந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை காலை எறும்பு ‘திற’ என்றது, அகப்பட்டது நாரையுடையது. மதகு திறந்து பாதிப் புற்று கரைந்தது. நாரை கண்ணுக்குள் வைத்து வளர்த்த கெண்டைக்குஞ்சுகள் வாய்க்காலோடு போயின.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சு, இந்தச் சனியனை நிறுத்திப் போட்டுடுவேன்” என்றது நாரை.

“பேரை மாத்துங்க, பேரை மாத்துங்கன்னு நான் எத்தனை தடவை கத்தினேன்?” என்றது பல்லி.

“மாத்தினேனே அக்கா” என்றது எறும்பு. “திற இரண்டுன்னு வச்சேன்.”

“நாரையும் திற இரண்டுன்னுதான் வச்சிருக்கு.”

“அப்ப நான் புதுத்திறன்னு வச்சுக்கவா?”

“அதைக் காகம் போன வாரமே எடுத்துக்கிச்சு!”

பல்லி மூன்று நாள் யோசித்தது. ஆளுக்கொரு அறை கட்டிப் பூட்டிவிடலாம். அப்புறம் நாரைக்கு மழையை யார் சொல்வது? கடைசியில் இப்படி வகுத்தது: ஆளுக்கொரு வீடு. வீட்டுக்குள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். எதைக் கூப்பிட்டாலும் முதலில் வீட்டுப்பெயர், ஒரு புள்ளி, பிறகு நிரலின் பெயர். ‘எறும்பு.திற’. ‘நாரை.திற’. ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர்வெளி என்று பெயர்.

எறும்பும் நாரையும் தலையாட்டின. காகம் ஆட்டவில்லை.

“நான் இங்க முதல்ல வந்தவன். அறுநூறு நிரல் எழுதியிருக்கேன். அத்தனையையும் திருத்திக்கிட்டு உட்கார்ந்திருக்க எனக்கென்ன வேற வேலை இல்லையா?”

“எல்லாருக்கும் ஒரே சட்டம், காக்கையாரே.”

“எல்லாரும் நேத்து வந்தவங்க. ‘திற’ன்னு சும்மா சொன்னா அது நான்தான்னு ஊருக்கே தெரியும்.”

காலையில் தொடங்கிய பேச்சு மத்தியானம் வரை ஓயவில்லை. பல்லிக்குத் தலை கிறுகிறுத்தது. “சரி, தொலையட்டும். வீட்டுப்பெயர் இல்லாம வர்றதெல்லாம் உம்முடையது” என்று பட்டியலின் கடைசி வரியில் எழுதியது. எழுதும்போதே அது தப்பென்று தெரியும். தெரிந்தும் எழுதியது.

இருபது நாள் நிம்மதி. அப்புறம் ஓர் அமாவாசைப் பகலில் மழை சாய்ந்து அடித்தது. வெளியே நெல்மணிகள் நனைய, புற்றின் மூடியைத் திறக்க எறும்பு அவசரத்தில் ஒரு நிரலைக் கிறுக்கி அனுப்பியது. அதில் வெறும் ‘திற’ என்றிருந்தது. வீட்டுப்பெயர் இல்லை. சட்டப்படி அது காகத்தின் ‘திற’. ஜன்னல் படாரென்று திறந்தது. சாரல் நேராக அந்தப் பின்பக்கச் சுவரில் அறைந்தது.

பல்லி ஓடி முட்டைகள்மேல் படுத்தது. “மூடு!” என்று கத்தியது. ஒன்றும் நடக்கவில்லை. காகம் ‘மூடு’ என்று ஒன்றை எழுதவே இல்லை. அதற்குத் திறப்பதில்தான் ஆர்வம். ஆளும் ஊரில் இல்லை, வீடு வீடாக அமாவாசைச் சோறு தின்னப் போயிருந்தது. இரண்டு முட்டைகளுக்கும் பல்லியின் உடம்பு போதவில்லை. ஒன்று சாரலில் ஒட்டு விட்டு நழுவித் தரையில் விழுந்து உடைந்தது.

மழை விட்டதும் எறும்பு வந்தது. “அக்கா, வீட்டுப்பேர் போட மறந்துட்டேன்.”

“மறக்கறது எல்லாருக்கும் உள்ளதுதான். மறந்தா எங்க போய் விழணும்னு எழுதினது நான்” என்றது பல்லி. பட்டியலின் கடைசி வரியை அடித்தது. அந்த இடத்தில், வீட்டுப்பெயர் இல்லாமல் வந்தால் எதையும் ஓட்டாதே, கேள் என்று எழுதியது.

காகம் அலகில் பருக்கையோடு வந்திறங்கியது. “திற.”

“ச்சு” என்றது பல்லி.

“என்ன ச்சு?”

“எந்த வீட்டுது?”

“நான்தான் பல்லி! குரல் தெரியலையா?”

“குரல் தெரியுது. வீடு?”

அறுநூறு நிரலும் நின்றுபோயிருந்தன. காகம் குதித்தது, திட்டியது, சிறகால் அடித்தது. எல்லாவற்றுக்கும் பதில் ‘ச்சு’தான். பிறகு அதன் கண் தரையில் கிடந்த முட்டையோட்டின்மேல் விழுந்தது. சிறகை மடக்கிக்கொண்டது. முழுப்பெயரைச் சொல்ல அப்போதும் வீம்பு விடவில்லை. “கா” என்றது. “கா. திற.”

பல்லி திறந்தது.

ஒன்பதாம் நாள் மிச்சமிருந்த முட்டை பொரிந்தது. குஞ்சு கற்ற முதல் சொல்லும் ‘ச்சு’தான்.

அன்று முதல்தான் காகம் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் ‘கா’, ‘கா’ என்று வீட்டுப்பெயரிலேயே நிற்கிறது. நாம் ஏதோ பேசும்போது சுவரில் பல்லி ‘ச்சு’ என்றால், பல்லியே சொல்லிவிட்டது, உண்மைதான் என்று நாம் பூரித்துப்போகிறோம். அது எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, எந்த வீட்டுது என்றுதான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.