கொழுஞ்சிக்குக் கிடைத்த மரண தண்டனை

கனகமல்ல ராஜாவுக்கு யானைகள் என்றால் உயிர். அவற்றுக்குத் தேக்கிலேயே ஒரு கொட்டாரம் கட்ட ஆசைப்பட்டார். ராஜா ஆசைப்பட்டால் கேட்கவா வேண்டும்? ஒரே கோடையில் ஊரை ஒட்டிய கரடிமலையில் மரமெல்லாம் வெட்டுப்பட்டு மலை மொட்டையாகிவிட்டது. அடுத்த மழையில் மலையின் மேல்மண்ணெல்லாம் வழிந்து ஊர் ஏரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஏரியில் தண்ணீர் நிற்க இடமில்லை. மலையில் புல் முளைக்க மண்ணில்லை.

ராஜா பதறிப்போனார். வனாதிகாரி திம்மராயரைக் கூப்பிட்டு, "அங்கே சந்தனக்காடு எழுப்பும்" என்றார். ராயர் அதற்கு முன் குதிரைப்படையில் இருந்தவர். கன்றுகளைப் படைவீரர்கள் மாதிரி வரிசையாக நிறுத்தினார். அத்தனையும் காய்ந்து சருகாகின.

"அரசே, கன்றுகளுக்கு என்மேல் பயமே இல்லை. அதனால்தான் வளரவில்லை" என்றார் ராயர் சபையில்.

சபையின் விகடகவி அம்பலவாணருக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்ன ராயரே இப்படிச் சொல்லிவிட்டீர்! உம்மைப் பார்த்த பயத்தில்தானே எல்லாம் செத்தன?"

சபை குலுங்கிச் சிரித்தது. ராயருக்கு முகம் சிவந்தது. "பேசுகிறவர் வளர்த்துக் காட்டட்டுமே!"

"அதுவும் சரிதான்" என்றார் ராஜா. "அம்பலவாணரே, இனி மலை உம் பொறுப்பு. வயலுக்கே எரு போதவில்லை, அதனால் ஒரு கூடை எருகூட மேலே போகக் கூடாது. ஆளும் தரமாட்டேன். மூன்றாம் வருஷம் தசராவுக்கு வந்து பார்ப்பேன். சந்தனம் நிற்கவில்லை என்றால் நீர் இந்த நாட்டில் நிற்கக் கூடாது."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் மனைவி உலகம்மை தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த வாயைக் கொஞ்சம் மூடி வைத்திருக்கக் கூடாதா? மூட்டை கட்டட்டுமா?"

"கட்டு. துணிமணி வேண்டாம். உன் அண்ணன் வயல் வரப்பில் கொழுஞ்சி காய்த்துக் கிடக்கிறதே, அந்த விதையை மூட்டை கட்டு."

முதல் மழை விழுந்ததும் அவரும் உலகம்மையும் அவள் அண்ணன்மாரும் மலை முழுக்க விதையைத் தூவினார்கள். கொழுஞ்சி முரட்டுச் செடி. கல்லிலும் முளைக்கும். முழங்கால் உயரம் வளர்ந்து ஊதாப் பூ பூத்தது.

அம்பலவாணர் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினார். வேரெங்கும் கடுகு கடுகாக முடிச்சுகள்.

"இதுதான் இதன் அடுப்படி, உலகம்மா. காற்றில் இருக்கிற சத்தைப் பிடித்து இங்கே சமைக்கும்."

"காற்றைச் சமைக்குமா? நல்ல கதை!"

"உன் அண்ணன் நாற்று நடுமுன் இதை ஏன் சேற்றில் போட்டு மிதிக்கிறார்? அது போதும் பயிருக்கு."

அந்தச் சத்துக்கு இன்று நைட்ரஜன் என்று பெயர் வைத்திருக்கிறோம். பெயர் தெரியாவிட்டாலும் விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் பூத்த செடி காய்த்து முற்றுவதற்குள் மடக்கி மண்ணுக்குள் போட வேண்டுமே! நாள் முழுக்க மண்வெட்டி பிடித்ததில் நான்கு பாய் விரிக்கும் இடம்தான் முடிந்தது. உள்ளங்கையெல்லாம் கொப்புளம். நிமிர்ந்து பார்த்தார். மலை இன்னும் அப்படியே இருந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். பிழைக்க எந்த ஊருக்குப் போவது என்றுகூட யோசித்தார். யோசனை எங்கெங்கோ சுற்றிவிட்டுத் திம்மராயரிடம் வந்து நின்றது. அம்பலவாணர் சிரித்துவிட்டார்.

மறுநாள் சபையில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "அரசே! மலை பச்சையாகிவிட்டது. ராயரால் ஆகாததை என் கொழுஞ்சி செய்துவிட்டது."

"கொழுஞ்சியா?" ராயர் துள்ளி எழுந்தார். "அரச வனத்தில் களையா! இது ராஜத் துரோகம். மரண தண்டனைதான் இதற்கு!"

"எனக்கா?" அம்பலவாணர் நடுங்கினார்.

"முதலில் அந்தக் களைக்கு! உத்தரவு கொடுங்கள் அரசே, என் ஆட்களோடு போய் ஒரு செடி மிச்சமில்லாமல் வெட்டுகிறேன்."

ராஜா தலையசைத்தார். அம்பலவாணர் தடாலென்று காலில் விழுந்தார்.

"பிள்ளை மாதிரி வளர்த்தேன் அரசே! கொல்லுங்கள், தடுக்கவில்லை. வெளியே தூக்கிப்போய் எரிக்க மட்டும் வேண்டாம். பிறந்த மண்ணிலேயே அடக்கம் செய்யச் சொல்லுங்கள்!"

ராஜாவுக்கு மனம் இளகியது. "பாவம், அப்படியே செய்யும் ராயரே. வெட்டிய இடத்திலேயே புதைத்துவிடும்."

"ஆளுயரக் குழி வெட்டிப் புதைக்கிறேன்!"

"ஐயையோ, அவ்வளவு ஆழம் வேண்டாம்!" என்று அலறிய அம்பலவாணர் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சின்ன உயிர்தானே, ஒரு சாண் போதும்."

ராயரின் ஆட்கள் மலையேறினார்கள். வெட்டினார்கள், கொத்தினார்கள், மிதித்தார்கள். ராயரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். அம்பலவாணர் பாறைக்குப் பின்னால் மேல்துண்டில் முகம் புதைத்துக் குலுங்கினார். அழுகிறார் என்று ராயர் பூரித்துப்போனார். உலகம்மை எல்லாருக்கும் மோர் கொடுத்தாள்.

மழையில் எல்லாம் மக்கியது. மண் கறுத்தது, இளகியது. அதில் அம்பலவாணர் வாகையும் புங்கும் விதைத்தார். அவையும் வேரில் சத்துச் சமைக்கிற மரங்கள்தாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சந்தனக் கன்று நட்டார். சந்தனம் தனியாக நிற்காது; அக்கம்பக்கத்து வேரைப் பிடித்துக்கொண்டுதான் பிழைக்கும். ராயர் பாவம், அதைத் தனித்தனியே நிறுத்திப் பட்டினி போட்டிருந்தார்.

மூன்றாம் வருஷம் தசராவுக்கு ராஜா வந்தார். வாகை தலைக்கு மேல் நின்றது. அதன் நிழலில் சந்தனம் இடுப்பளவு தளதளவென்று நின்றது. ஓடையில் தண்ணீர் தெளிவாக இறங்கியது. ராஜா ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்தார்.

"ஒரு கூடை எருவும் மேலே வரவில்லை என்று காவலர்கள் சத்தியம் செய்கிறார்கள். பிறகு எப்படி ஐயா?"

"எரு இங்கேயே விளைந்தது அரசே. கொழுஞ்சி காற்றிலிருந்து பிடித்து வைத்தது. அதை மண்ணில் சேர்த்தவர் நம் ராயர். ஒரு சாண் ஆழம், கனகச்சிதம்!"

ராயர் குனிந்து தம் கால்களைப் பார்த்தார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி நீட்டினார். அம்பலவாணர் அதை வாங்கி ராயர் கையில் மாட்டிவிட்டார்.

"உழைத்தவர் அவர்தானே, அரசே."

"சரி, உமக்கு என்னதான் வேண்டும்?"

அம்பலவாணர் பள்ளத்தாக்குக்கு அப்பால் கையை நீட்டினார்.

"அதோ இன்னொரு மொட்டை மலை நிற்கிறது அரசே. அது முடிகிறவரை என்மேல் ராயருக்கு இருக்கிற கோபம் ஆறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்!"