வில் எடுத்த ஜமீன்தார்

கொன்றையூர் அரண்மனையில் ராமன் வில்லொடிக்கும் படம் எழுதிக்கொண்டிருந்தார் ஓர் ஓவியர். கண்ணெதிரே ஆள் நின்றால்தான் அவருக்குக் கை ஓடும். ஆகவே தண்ணீர் சுமக்கும் சடையன், இரண்டு வேளைச் சோற்றுக்காக, இரும்பு வில்லைத் தூக்கியபடி ராமனாக நின்றான்.

ஜமீன்தார் வந்து பார்த்தார். "தண்ணி தூக்குறவன் ராமனா? இவனை விரட்டுங்க, நானே நிக்கிறேன்!"

"எடுங்க மகாராஜா," என்று சடையன் வில்லைத் தரையில் வைத்தான்.

வில் முழங்கால்வரைதான் வந்தது. தலைப்பாகை சரிய, ஜமீன்தார் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அசையாதீங்க மகாராஜா!" என்று கத்தினான் சடையன். "ஓவியரய்யா, சீக்கிரம் எழுதுங்க. சுயம்வரத்துல வில்லைத் தூக்க முடியாத ராஜாவுக்குத்தானே ஆள் தேடிட்டிருந்தீங்க!"

ஓவியரின் கரிக்கோல் ஒரு தாளில் பறந்தது. ஜமீன்தார் பதறினார்.

"அந்தத் தாளைக் கிழிடா!"

"கிழிச்சிடலாம் மகாராஜா," என்றான் சடையன். "முதல்ல நான் நிக்கிற ராமர் படம் முடியட்டும்."