வியாகப்பன் என்றொரு கோப்பு

புயல் ஓய்ந்து கடல் அடங்கிய பிறகும் வியாகப்பனின் படகு திரும்பவில்லை.

அவனுடைய அண்ணன் ரெமிஜியுஸ், வலையை விட்டுவிட்டுக் கடற்கரை வயர்லெஸ் நிலையத்தில் கணினி வேலை பழகி வந்தவன். கற்றுக்கொடுத்த ஜைனம்பு அவனைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் அவளை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவான்.

படகுகளின் குரலை வாங்கும் ரிசீவர், வெளியே கோபுரத்தின் உச்சியில் இருந்தது. கணினிக்குள் அதற்கென்று ஒரு கோப்பு உண்டு. அதைத் திறந்தால்தான் குரல் கேட்கும். புயலுக்குப் பின் அந்தக் கோப்பைக் காணோம்.

“நானே உண்டாக்கிட்டேன் டீச்சர்” என்றான் ரெமிஜியுஸ். கண்கள் சிவந்திருந்தன. “கோப்பு உண்டாக்குற mknod கட்டளை, ரிசீவரோட எண், எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான். கோப்பு வந்து உக்காந்திருக்கு, பாருங்க. திறந்தா மட்டும் ‘அப்படியொரு கருவி இல்லை’ங்குது.”

ஜைனம்பு திரையைப் பார்த்தாள். எண்களில் பிழை இல்லை. கருவியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘வியாகப்பன்’ என்றிருந்தது.

“பேரு தப்பா டீச்சர்?”

“என்ன பேரு வேணும்னாலும் வைக்கலாம் அண்ணே.”

“பெறவு ஏன் பேச மாட்டேங்குது?”

அவள் கணினியில் செருகியிருந்த கம்பியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

“இழுங்க.”

கோபுரம் கடலில் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்தவன்தான் அவன். ஆனாலும் கம்பி எங்கேயாவது தொட்டுக்கொண்டிருக்கும் என்று மனசு அடித்துக்கொண்டது. மெதுவாக இழுத்தான். எதிலும் மாட்டாமல் ஜன்னல் வழியே அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பிய்ந்த நுனியும் வந்தது. உள்ளிருந்த செம்புக் கம்பியில் உப்புப் பூத்திருந்தது.

“எண்ணை மாத்திப் பாக்கட்டா?”

“பாருங்க.”

மாற்றினான். திறந்தான். அதே பதில். இன்னொரு எண். அதே பதில்.

“தம்பி பொஞ்சாதி வெளிய நிக்கா டீச்சர். ஒரு சத்தமாவது வாங்கித் தாரேன்னு சொல்லிட்டு வந்தேன்.”

வெளியே அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

வெகுநேரம் கழித்து ரெமிஜியுஸ் அழிக்கும் கட்டளையைத் தட்டி, அந்தப் பெயரையும் தட்டினான். அடுத்த விசையை அழுத்த விரல் எழவில்லை.

“அழிச்சிரட்டா?”

“இருக்கட்டும் அண்ணே” என்றாள் ஜைனம்பு. “அது இடம் அடைக்காது.”